பதினெட்டு மூடிகள்

பெட்டியைப் பிரித்து சார்ஜரை அவர் கையில் கொடுத்தேன். செருகிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். படித்ததும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது சைக்கிளுக்கு, தம்பி."

"36 வோல்ட்னுதானே ஐயா போட்டிருக்கு? நம்ம வண்டியும் 36தானே?"

"மேல 36 எண்டு கிடக்கு. கீழ 42 எண்டு கிடக்கு. கீழ உள்ளதைத்தான் வாசிக்க வேணும்."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. சரி, திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு, அந்தக் கோடை முழுவதும் அவருக்குத் தெரியாமல் அதையேதான் பயன்படுத்தினேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவுக்கு வடக்கே ஸ்டௌஃப்வில் பக்கம் முக்கால் ஏக்கர் புல்தரையோடு ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். பழைய களஞ்சியம் ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து ஓர் எலெக்-ட்ராக் கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், புரூஸ் லாமைஸ்டர் என்பவரின் மேற்பார்வையில், 1969 முதல் எழுபதுகளின் நடுப்பகுதி வரை தயாரித்த மின்சாரத் தோட்ட டிராக்டர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து உலகம் பெட்ரோலுக்கு மாற்றுத் தேடுவதற்கு முன்பே வந்துவிட்ட வண்டி. புல் வெட்டும் தட்டில் பிளேடுக்கு ஒன்றாக மூன்று மோட்டார். பனி அள்ளி வீசும் இணைப்பும் மின்சாரத்தில்தான். வண்டியின் உயிர், கோல்ஃப் வண்டியில் போடுகிற 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு. கூடவே வந்த சார்ஜரை முன்னவர்கள் எப்போதோ கழற்றி எங்கோ தொலைத்திருந்தார்கள்.

பேட்டரி எனக்குப் புதிதல்ல. மின்வெட்டுக் காலத்தில் எங்கள் ஊர் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவன் நான்தான். அந்தத் தைரியம் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஐயா மார்க்கம் நகரில் இருக்கிறார். ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். எழுபதைத் தாண்டிவிட்டார். நண்பன் ஒருவன், "பேட்டரின்னா அவர்தான்" என்று எண்ணைக் கொடுத்தான். அவர் சொல்லில் அது 'பற்றறி'. டிராக்டர் 'உழவு மிசின்'. இது உழாது ஐயா, புல்தான் வெட்டும் என்றேன் முதல் நாள். "வெட்டட்டும். மிசின் மிசின்தான்" என்றார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பாதிப் புல் வெட்டிய நிலையில் வண்டி நின்றுவிட்டது. முந்திய இரவெல்லாம் சார்ஜரில் கிடந்த வண்டி. காலையில் பச்சை விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருந்தேன். போன் செய்தேன். தன் வேனில் வந்தார். முதலில் சார்ஜர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சொல் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நாலு திட்டு தேவலை.

அதே சார்ஜரில் மறுபடி பச்சை விளக்கு எரியும் வரை போடச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டி எடுத்தார். ஆறு பேட்டரி, ஒவ்வொன்றிலும் மூன்று செல், மொத்தம் பதினெட்டு மூடி. ஒன்றிலிருந்து பதினெட்டு வரை பக்கத்தில் எண் எழுதினார். (ஐயப்பன் படிபோல என்றேன். "ஏறினாப்பிறகு சொல்லும்" என்றார்.) ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரை என் கையில் கொடுத்தார்.

அதைப் பிடிப்பதிலேயே முதல் பாடம் இருந்தது. ரப்பர் குமிழை அழுத்தி ஆசிட்டை உறிஞ்சி, உடனே படிக்கக் கூடாது. இரண்டு மூன்று தடவை உறிஞ்சி அதே செல்லுக்குள் விட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எந்தப் பக்கமும் ஒட்டாமல் நிற்கும்போது, கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு செல்லில் எடுத்ததை அடுத்த செல்லில் விடக் கூடாது. சொட்டு சிந்தினால் பக்கத்திலேயே சோடா மாவுத் தண்ணீர். பருத்திச் சட்டையோடு வராதேயும் என்று சொல்லியிருந்தார். அன்று போட்டிருந்த என் சட்டையில் அடுத்த துவையலுக்குப் பிறகு நட்சத்திரக் கூட்டம் மாதிரி ஓட்டைகள்.

பதினெட்டையும் நோட்டில் எழுதினேன். எல்லாம் 1.220, 1.225, 1.230. முழுதாக ஏறியிருந்தால் இந்த வகைப் பேட்டரியில் 1.277 பக்கம் நிற்க வேண்டும்.

"இப்ப 42ஐப் பதினெட்டால பிரியும்."

போனில் போட்டேன். 2.33.

"இந்தப் பற்றறிக்கு ஒரு செல்லுக்கு 2.45க்கு மேல வேணும். நீர் 2.33ல கதவைச் சாத்திப்போட்டீர். பச்சை லைற் பொய் சொல்லேல்லை தம்பி. அது தன்ர வேலை முடிஞ்சுது எண்டு சொன்னது. உம்மட வேலை முடிஞ்சுது எண்டு சொல்லேல்லை."

அப்போதுதான் சீட்டின் கீழ்வரி புரிந்தது. மின் சைக்கிளில் இருப்பது லித்தியம் அயனி. பத்து செல், ஒன்றுக்கு 4.2 வோல்ட், ஆக 42. பெயரளவில் அதுவும் 36 வோல்ட்தான். ஈயப் பேட்டரிக்கோ பதினெட்டு செல்லுக்கு 44.5 வோல்ட் வரை ஏற்ற வேண்டும் என்கிறார்கள் அதைச் செய்பவர்கள். இரண்டரை வோல்ட் குறைச்சல்தானே என்று தோன்றும். ஆனால் கடைசியில் வருகிற அந்த இரண்டரை வோல்ட்டில்தான் செல்லுக்குள் குமிழி கிளம்புகிறது. குமிழி கிளம்பாவிட்டால் ஆசிட் கலங்காது. கனமான ஆசிட் அடியில் படிந்துவிடும், மேலே வெறும் தண்ணீர் மாதிரி நிற்கும். "சீனி அடியில கிடக்கிற தேத்தண்ணி. நீர் மேலாலை உறிஞ்சிப்போட்டு இனிப்பில்லை எண்டுறீர்" என்றார். தகடுகளில் ஈய சல்ஃபேட்டும் கரையாமல் உறைந்துகொண்டே போகும். ஒரு கோடை முழுக்க நான் செய்த காரியம் அது.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வகுப்பு. இனி அவர் சொல்லும் வரை சார்ஜர் வாங்கக் கூடாது. அதுவரைக்கும் என்று தன் கராஜிலிருந்து ஒரு பழைய கோல்ஃப் வண்டி சார்ஜரை இறக்கினார். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே இருப்பதெல்லாம் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கண்டென்சர், இரண்டு டயோடு. முகப்பில் ஓர் ஆம்பியர் முள்ளும், சாவி கொடுத்துத் திருப்புகிற டைமரும். 1938இல் ஜோசப் சோலா என்பவர் கண்டுபிடித்த ஃபெரோ-ரெசொனன்ட் டிரான்ஸ்ஃபார்மர் இது. எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமலேயே, பேட்டரியின் வோல்ட் ஏற ஏறத் தன் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்ளும். செருகியதும் கராஜ் முழுக்க ஒரு தம்பூரா ஸ்ருதி. முள் 25இல் தொடங்கி, மெல்ல மெல்ல இறங்கி, பின்னிரவில் ஐந்தாறு ஆம்பியரில் வந்து நிற்கும்.

"முள்ளைப் பாரும், லைற்றைப் பாராதேயும்" என்பார். நானோ முள்ளைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இறங்குகிற நேரத்தில் அவர் நாற்காலியை வண்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார்.

ஏன் கேட்கிறார் என்பதை மூன்றாவது சனிக்கிழமைதான் சொன்னார். 1990க்குப் பிறகு, போர்க்கால யாழ்ப்பாணத்தில் பல வருடம் மின்சாரம் கிடையாது. பேட்டரியே தடை செய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். டார்ச் கட்டைகளில் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டினார்கள். இவர் தோட்டத்துக்கு நீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இஞ்சினில் லாரி ஆல்டர்னேட்டரைப் பெல்ட் போட்டு மாட்டி, ஊரார் கொண்டுவருகிற கார் பேட்டரிகளைச் சார்ஜ் பண்ணிக் கொடுத்தார். ஹைட்ரோமீட்டர் உடைந்தது, புதிது வாங்க வழியில்லை. பிறகு காதுதான், உள்ளங்கைதான்.

"பனங்கள்ளு முட்டிக்குள்ள காது வைச்சுக் கேட்டிருக்கிறீரோ? நுரைக்கிற சத்தம் ஒண்டு வரும். அப்பிடி வந்தால் ஏறிட்டுது. அந்தச் சத்தத்தோட கை சுட்டால் கூடிப்போச்சு. கூழ்முட்டை மணத்தால் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஓடு."

தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும். அதைப் பேட்டரியில் விட்டால் கதை முடிந்தது. கார்த்திகை மழையில் முற்றத்து நடுவில், கூரைத் தண்ணீர் கலக்காத இடத்தில், துணி கட்டிய வாளி. அந்த நீரை வருடம் முழுக்கப் போத்தலில் அடைத்து வைத்தாராம். இங்கே கடையில் வாங்குகிற டிஸ்டில்டு வாட்டரை அவர் ஊற்றுகிற விதத்திலேயே அது தெரியும்: சார்ஜுக்கு முன் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் பொங்கி ஆசிட்டோடு வெளியே வழியும்.

நவம்பரில் எனக்கு ஒரு யோசனை வந்தது. 36 வோல்ட்டுக்குத் தனிச் சார்ஜர் எதற்கு? சாதாரண 12 வோல்ட் கார் சார்ஜர் மூன்று வாங்கி, இரண்டிரண்டு பேட்டரிக்கு ஒன்றாக மாட்டினால்? ஒவ்வொரு ஜோடியும் தன் தேவைக்கு ஏற்பச் சாப்பிடும். ஒன்று என்னிடமே இருந்தது, இரண்டு நண்பர்களிடம். அவர் மறுக்கவில்லை. நல்ல யோசனை என்றே சொன்னார். ஆனால் மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்து, ஒவ்வொரு சார்ஜரின் கறுப்புக் கவ்விக்கும் அதன் மூன்றாவது முள்ளுக்கும் நடுவே சோதிக்கச் சொன்னார். நண்பனின் பழைய இரும்புப் பெட்டிச் சார்ஜரில் மீட்டர் கத்தியது. கறுப்பு வயர் உள்ளே பெட்டியோடும் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது.

"இப்பிடி ஒண்டு இருந்தால் தப்பிடுவீர். ரெண்டு இருந்தால் எர்த் வயர் வழியா ரெண்டும் கை கோர்க்கும். நடுவில உள்ள பற்றறியெல்லாம் நேர ஷோர்ட்."

சுவரின் எர்த் எல்லாப் பிளக்குக்கும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். ஒரே வண்டியில் வரிசையாகக் கோர்த்த பேட்டரிகளை அந்த ஒரே எர்த் மூலமாக நானே குறுக்கே கட்டிவிட முடியும் என்று தோன்றியதே இல்லை. அந்தச் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தேன். மற்ற இரண்டும் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன.

ஜனவரியில் நடந்தது முழுக்க என் தவறு. பனிப்புயல். இரண்டு மணி நேரம் பனி அள்ளி வண்டி களைத்துப்போய்க் கராஜுக்குள் வந்தது. ஐயாவின் சார்ஜரைச் செருகினேன். கை விறைத்ததால் பக்கத்துப் பிளக்கில் அறை ஹீட்டரையும் போட்டேன். இங்கே வீட்டுப் பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிரேக்கர். தொடர்ந்து இழுப்பதென்றால் 12 ஆம்பியர்தான் கணக்கு. ஹீட்டர் மட்டுமே அதை விழுங்கிவிடும். நான் வீட்டுக்குள் போன சற்று நேரத்தில் பிரேக்கர் விழுந்திருக்கிறது. தம்பூரா நின்றது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு இரவு, வெளியே மைனஸ் 18. முழுதாக ஏறிய பேட்டரி அந்தக் குளிருக்கு அசையாது, மைனஸ் 50ஐத் தாண்டினாலும் தாக்குப்பிடிக்கும். இறங்கிப்போன பேட்டரியின் ஆசிட் ஏறக்குறைய தண்ணீர். மைனஸ் 10 அளவிலேயே உறையத் தொடங்கும். நாலாவது பேட்டரியின் பக்கம் பிதுங்கி, மூலையில் வெடித்திருந்தது.

போனில் சொன்னேன். முதல் கேள்வி: "சார்ஜரைப் போட்டனீரோ?"

"இல்லை ஐயா."

"நல்லது. உறைஞ்ச பற்றறிக்குச் சார்ஜ் ஏத்தினால் அது பற்றறி இல்லை, குண்டு."

மாற்றுப் பேட்டரி புதிதாக வாங்க விடவில்லை. ஐந்து கிழவர்களோடு ஒரு பொடியனைக் கட்டினால் கிழவர்கள் அவனையும் கிழவனாக்கிவிடுவார்கள் என்று, ஒரு கோல்ஃப் மைதானத்தில் கழித்துப் போட்டவற்றில் ஹைட்ரோமீட்டரோடு அரை நாள் குந்தியிருந்து, நம்முடையதின் வயதையொத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதில் நடு செல் மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. எண் பதினொன்று.

மார்ச்சில்தான், "இப்ப வாங்கலாம்" என்றார். நான் லித்தியமே போட்டுவிடலாமே என்று ஆரம்பித்தேன். இரும்பு பாஸ்பேட் வகையில் பன்னிரண்டு செல், 38.4 வோல்ட், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. அவர் இரண்டு விஷயம் கேட்டார். பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ண விடுவார்களா? விடமாட்டார்கள். இந்த ஆறு பேட்டரியும் என்ன எடை? ஒன்று 28 கிலோ, ஆக 168. அது போனால் பனியில் சக்கரம் எதைப் பிடித்து நிற்கும்? பேச்சு அங்கேயே முடிந்தது. கோடையில் மட்டும் ஓட்டுபவருக்கு வேறு பதில் வரலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆம்பியர் எத்தனை என்பது அவ்வளவு சிரமமில்லை. பேட்டரி 225 ஆம்பியர்-மணி. அதில் பத்து முதல் பதின்மூன்று சதவீதம் என்றால் 22 முதல் 29. பிளக்கோ 1,440 வாட்டுக்கு மேல் தராது. 44 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 1,100 வாட். சார்ஜரே தின்னும் வெப்பத்தையும் சேர்த்தால் 1,300. ஆக 25, அதுவும் அந்த லைனில் வேறொன்றும் இல்லாமல். ஹீட்டருக்குத் தனி வயர் இழுத்தாயிற்று. குறைவாக 10 ஆம்பியரில் வாங்கினால் பேட்டரிக்குக் கேடில்லையே என்றேன். கேடில்லை; ஆனால் பாதி இறங்கிய வண்டிக்கு ஒரு பகலும் போதாது, காலையில் மறுபடி பனி விழுந்திருக்கும்.

நாங்கள் மல்லுக்கட்டியதெல்லாம் அது எப்போது, எதைப் பார்த்து நிறுத்துகிறது என்பதில்தான். கடைக்காரர்களின் விளம்பரத்தில் அது இருக்காது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஒரு சார்ஜரில் வோல்ட் வளைகோடு 'ஏஜிஎம்' எனும் மூடிய வகைக்கு மட்டும்; தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிக்கு அது எட்டாது. இன்னொன்று எல்லாம் சரி, ஆனால் வெப்பமானி இல்லை. அதை நான் தள்ளுபடி விலைக்காக விரும்பினேன். அவர் கணக்குப் போடச் சொன்னார். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 0.005 வோல்ட் கூட வேண்டும். கராஜ் பூஜ்யத்தில் இருந்தால் இருபத்தைந்தை அதோடும் பதினெட்டோடும் பெருக்க, 2.25 வோல்ட். 44.5 வேண்டிய இடத்தில் குளிரில் 46.7 வேண்டும். வெப்பமானி இல்லாத சார்ஜர் 44.5லேயே நின்றுவிடும். என் சைக்கிள் சார்ஜர் செய்த அதே தவறு, வேறு சட்டையில். அதுவும் வண்டி அதிகம் உழைக்கிற மாதங்களில்.

மூன்றாவதில் வெப்பமானி வயர் இருந்தது, பேட்டரி டெர்மினலில் போல்ட் போட்டு வைக்கிற மாதிரி. சிஎஸ்ஏ பாதுகாப்பு முத்திரையும் இருந்தது. இங்கே அது இல்லாத மின்சாதனத்தை அவர் வாசலுக்குள் விடமாட்டார். செல்களைச் சமப்படுத்துகிற ஏற்றத்தை நாமே விரும்பும்போது பட்டனை அழுத்தித் தொடங்கலாம். அவருக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: பேட்டரி மிகவும் இறங்கியிருந்தால், இணைப்பே இல்லை என்று நினைத்து இது தொடங்காது. "பசியில மயங்கினவனுக்குச் சாப்பாடு இல்லை எண்டுற சாதி" என்றார். அதனால் பழைய தம்பூராவை எடுத்துப் போகாமல் எனக்கே விட்டுவிட்டார். மயங்கிய பேட்டரிக்குக் கால் மணி நேரம் அது ஊட்டினால், புதிது கண்டுகொள்ளும்.

இணைப்புக்குச் சாம்பல் நிறப் பிளக். 36 வோல்ட்டுக்கு அந்த நிறம்தான் வழக்கம். வேறு நிறம் ஒன்றோடொன்று பொருந்தாது. அதை வயரில் அழுத்திப் பொருத்தும் வேலையை என்னிடமே விட்டார். முதல் இரண்டையும் இழுத்துப் பார்த்தார், கையோடு வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் பதினொன்றாம் எண்ணுக்காகச் சமப்படுத்தும் ஏற்றம் தொடங்கினேன். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தது. கிளம்புகிற ஹைட்ரஜன் காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். தொடங்கும்போது மற்றதெல்லாம் 1.270, அது மட்டும் 1.235. ஒரு மணி நேரத்தில் 1.245. இன்னொரு மணி நேரத்தில் 1.255. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. மறுபடி பட்டனை அழுத்துவதா, விடுவதா என்று தெரியவில்லை. ஐயா கண் அறுவைக்குப் பின் வீட்டோடு இருந்தார், போன் செய்தேன். சத்தம் எப்படி என்று கேட்டார். கையை நீட்டி, போனை வண்டிப்பக்கம் காட்டினேன்.

"எடும், எடும்! போனைக் கிட்டக் கொண்டுபோகாதேயும்."

எடுத்துக் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"எனக்கு இஞ்ச ஒண்டும் கேக்கேல்லை தம்பி. நீர் கேட்டுச் சொல்லும்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். பத்தும் பன்னிரண்டும் நன்றாக நுரைத்துக்கொண்டிருந்தன. பதினொன்றில் விட்டு விட்டு ஒரு குமிழி.

"இன்னும் ஒரு மணித்தியாலம் ஐயா" என்றேன். பட்டனை அழுத்தினேன்.